ஒரே கூடத்தில் இரண்டு கணினி: பென்டிரைவ் இல்லாமல் கோப்புகளைப் பகிர்வது எப்படி?



நம் அறக்கட்டளையின் கல்வி உதவித் திட்டத்தில் நல்லுள்ளம் படைத்தவர்கள் தரும் பழைய கணினிகளைச் சீர்செய்து, தேவையுள்ள மாணவ மாணவியருக்கு வழங்கி வருகிறோம் என்பது நீங்கள் அறிந்ததே. விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுவாக நிறுத்திக்கொண்டது. நமக்கு வரும் பழைய கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. அதற்குரிய பாதுகாப்புச் சில்லு அவற்றில் இருக்காது, அல்லது பிராசசர் பழையதாக இருக்கும். ஆகவே அவற்றில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கிறோம். காசு கொடுத்து வாங்க வேண்டாம், பழைய கணினியிலும் தாமதமின்றி ஓடும், பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிக்கொள்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் இதில் எங்கள் தரப்பில் ஒரு குறை இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். கணினியைக் கொடுத்தோம், இயக்கக் கற்றுக்கொடுத்தோம். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் லேப்டாப்போடு அதைச் சேர்த்து வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் ஒரு குடும்பம் பட்ட சிரமத்தைப் பார்த்த பிறகுதான் இந்தப் பாடத்தை எழுத வேண்டும் என்று தோன்றியது.

வாப்பா இல்லாத வீடு அது. உம்மா, வேலைக்குப் போகும் மகன், கல்லூரியில் சேர இருக்கும் மகள். மகனிடம் விண்டோஸ் லேப்டாப். மகளிடம் நாங்கள் கொடுத்த லினக்ஸ் கணினி. உதவித்தொகை விண்ணப்பத்துக்கு இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி. மதிப்பெண் சான்றிதழ், வருமானச் சான்று, குடும்ப அட்டை, வாப்பாவின் இறப்புச் சான்று எல்லாவற்றையும் மகன் செல்போனில் படமெடுத்துத் தன் லேப்டாப்பில் வைத்திருந்தார். அதைத் தங்கை பென்டிரைவில் வாங்கித் தன் கணினியில் ஏற்றி விண்ணப்பத்தை நிரப்புவார், பிறகு அதே பென்டிரைவை பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோய் பிரிண்ட் எடுப்பார். அன்று சென்டரிலிருந்து திரும்பி வந்து காக்காவின் லேப்டாப்பில் செருகியபோது எல்லாக் கோப்பும் 'ஷார்ட்கட்' ஆகிக் கிடந்தது. திறந்தால் எதுவும் வரவில்லை. மஃரிபுக்குப் பிறகு உம்மா எனக்கு போன் செய்தார்கள். குரலிலேயே பதற்றம்.

நான் போய்ப் பார்த்தேன். அந்தப் பென்டிரைவை மகளின் லினக்ஸ் கணினியில் செருகினோம். அத்தனை கோப்பும் அப்படியே இருந்தது! இந்த வகை வைரஸ் பெரும்பாலும் கோப்புகளை அழிப்பதில்லை. அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு போலியை வெளியே வைக்கிறது. விண்டோஸ் மறைத்ததாகக் கருதுவதை லினக்ஸ் மறைப்பாக எடுத்துக்கொள்வதில்லை, ஆகவே அசல் கண்ணுக்குத் தெரிகிறது. போலியைக் கிளிக் செய்தால் விண்டோஸில் வைரஸ் ஓடும், லினக்ஸில் ஓடாது. படங்களையும் பிடிஎஃப்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு பென்டிரைவை முழுதாக அழித்தோம். மகனின் லேப்டாப்பில் விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரைக் கொண்டு முழுச் சோதனை நடத்தச் சொன்னேன். யாருக்கேனும் இப்படி நேர்ந்தால் இந்த வழியை நினைவில் வையுங்கள்.

அதன் பிறகு நான் கேட்டேன்: "நாலு முழ தூரத்தில் இருக்கிற இரண்டு கணினிக்கு நடுவில் பென்டிரைவ் எதுக்கும்மா?" அந்தப் பிள்ளை சொன்னது: "மாமா, இதுல விண்டோஸ் இல்லைல்ல, அது இதோட பேசாதுன்னு காக்கா சொன்னாங்க."

இதைவிட முக்கியமான இன்னொரு விஷயம் பேச்சுவாக்கில் வெளியே வந்தது. பிரிண்ட் எடுக்கும்போது சென்டரில் இருந்தவர் கோப்புகளைத் தன் கணினியின் முகப்புத் திரையில் இழுத்துப் போட்டுத்தான் பிரிண்ட் கொடுத்திருக்கிறார். உம்மாவின் ஆதார் உட்பட எல்லாம் அங்கேயே இருந்தது. மறுநாள் மகன் போய்க் கேட்டு அழிக்கச் சொன்னபோது, வேறு பல குடும்பங்களின் பத்திரங்களும் அடையாள அட்டைகளும் அதே திரையில் இருந்ததாம். கடைக்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாளெல்லாம் கூட்டம், அவரும் என்ன செய்வார். ஆனால் நம் வீட்டுக் காகிதமும், நிக்காஹ் புகைப்படமும், பிள்ளைகளின் சான்றிதழும் நம்மிடம் உள்ள அமானிதம். எல்லாவற்றையும் சுமந்த ஒரே பென்டிரைவ் ஊரைச் சுற்றி வருவது சரியல்ல. கடைக்குப் போகும் பென்டிரைவில் அன்று பிரிண்ட் எடுக்க வேண்டிய ஒரு கோப்பு மட்டுமே இருக்க வேண்டும். வீட்டுக்குள் நடக்கும் பரிமாற்றம் வீட்டுக்குள்ளேயே முடிய வேண்டும்.

இவை எப்படிப் பேசிக்கொள்கின்றன?

விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிளின் மேக் ஒவ்வொன்றும் தன் வட்டில் கோப்பை எழுதி வைக்கும் முறை வேறு. அதனால் ஒன்றின் வட்டைக் கழற்றி மற்றொன்றில் நேரே மாட்டினால் சில நேரம் படிக்காது. ஆனால் வலையமைப்பு வழியாகக் கேட்கும்போது யாரும் அடுத்தவர் வட்டைத் தொடுவதில்லை. "இந்தக் கோப்பைக் கொடு" என்று ஒன்று கேட்கிறது, மற்றது தன் வட்டிலிருந்து தானே எடுத்துக் கொடுக்கிறது. கேட்பதற்கும் கொடுப்பதற்கும் ஒரு பொதுப் பேச்சு இருந்தால் போதும். ஹஜ்ஜுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மக்கா கடைத்தெருவில் நம்மூர்க்காரருக்கு அரபி தெரியாது, கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. கால்குலேட்டரை இவர் தட்டிக் காட்டுவார், அவர் தட்டிக் காட்டுவார், பேரம் முடிந்துவிடும். அப்படி ஒரு கால்குலேட்டர்தான் எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறை.

1980-களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவான இதை மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்தது. விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத்தான் அது. லினக்ஸ் உலகத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல். இரண்டு கணினிகளுக்கு இடையே கம்பியில் போய்வரும் செய்திகளைக் கவனித்து, எதைக் கேட்டால் என்ன பதில் வருகிறது என்று பார்த்துப் பார்த்தே அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டு, தன் மென்பொருளை 1992 தொடக்கத்தில் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். முதலில் வைத்த பெயர் வேறொருவரின் வணிகப் பெயராக இருந்ததால் மாற்ற வேண்டி வந்தது. எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் வரும் சொல்லைக் கணினியிலிருந்த அகராதியில் தேடியபோது 'சாம்பா' கிடைத்தது. இன்றும் அதே பெயர்தான். நம் பிள்ளைகளின் லினக்ஸ் கணினி கோப்புறையைப் பகிரும்போது உள்ளே வேலை செய்வது அந்த மாணவர் தொடங்கி வைத்ததே. ஆப்பிள் நிறுவனமும் 2013-இல் வந்த மேவரிக்ஸ் பதிப்பிலிருந்து எஸ்.எம்.பி.யையே தன் முதன்மை முறையாக வைத்துக்கொண்டது. ஆக மூவருக்கும் இப்போது ஒரே பொதுப் பேச்சு.

இனி, அன்று இஷாவுக்குப் பிறகு அந்த வீட்டில் செய்ததை அப்படியே வரிசையாகச் சொல்கிறேன். ஒரே மூச்சில் வேலை முடியவில்லை. மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டேன். அந்த மூன்று இடத்தில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால் அவற்றை மறைக்காமல் எழுதுகிறேன்.

முதல் தடை: கண்ணுக்கே தெரியவில்லை

இரண்டு கணினியும் வீட்டின் ஒரே வைஃபை ரவுட்டரில் இணைந்திருக்க வேண்டும். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும். ரவுட்டரில் ஒரே பெயர் இரண்டாக, ஒன்றின் முடிவில் '5ஜி' என்று தெரியலாம். அவை வழக்கமாக ஒரே வலையமைப்புதான், எதில் இணைந்தாலும் சரி. ஆனால் 'கெஸ்ட்' என்ற பெயரில் இருப்பது வேறு. விருந்தினருக்கானது அது, அதில் சேர்ந்த கருவிகள் வீட்டுக் கருவிகளைப் பார்க்க முடியாதபடி தடுத்திருக்கும். ஒன்று வைஃபையிலும் மற்றது செல்போன் ஹாட்ஸ்பாட்டிலும் இருந்தாலும் பார்க்க முடியாது.

அந்த வீட்டில் இரண்டும் ஒரே வைஃபையில்தான் இருந்தன. இருந்தும் தெரியவில்லை. காரணம், விண்டோஸ் ஒவ்வொரு புதிய வைஃபையையும் ரயில் நிலையம், விமான நிலையம் போன்ற பொது இடமாகவே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். இது நல்ல பழக்கம்தான், ஆனால் நம் வீட்டை நாம்தான் 'இது வீடு' என்று சொல்ல வேண்டும். செட்டிங்ஸுக்குள் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதில் வைஃபை, அதில் நம் வைஃபையின் 'ப்ராப்பர்ட்டீஸ்' என்று போனால் 'பப்ளிக்', 'பிரைவேட்' என்று இரண்டு இருக்கும். 'பிரைவேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதே பகுதியில் 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்', அதனுள் 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்' சென்று, பிரைவேட் தலைப்பின் கீழ் உள்ள 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' இரண்டையும் 'ஆன்' செய்யுங்கள். பப்ளிக் தலைப்பின் கீழ் எதையும் தொட வேண்டாம். மகன் அந்த லேப்டாப்பை வெளியே எடுத்துப் போகிறவர். வெளியூர் வைஃபையில் கதவு சாத்தியே இருக்கட்டும்.

இதைச் செய்த பிறகும் லினக்ஸில் 'நெட்வொர்க்' படத்தைத் திறந்தால் விண்டோஸ் கணினி வராமல் போகலாம். அதற்காகக் காத்திருக்காதீர்கள். முகவரி தெரிந்தால் நேரே போய்க் கதவைத் தட்டலாம். விண்டோஸில் 'கமாண்ட் பிராம்ட்' திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டினால் ஐ.பி.வி.4 முகவரி என்று 192.168.1.5 போல ஓர் எண் வரும். வீட்டுக்கு வீடு கடைசி எண்கள் மாறும். லினக்ஸ் மின்ட்டில் ஏதேனும் ஒரு கோப்புறையைத் திறந்து, கண்ட்ரோல் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். மேலே முகவரிப் பட்டை எழுதத் தயாராகும். அதில் எஸ்.எம்.பி. என்ற மூன்று எழுத்தையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டி, ஒரு முக்காற்புள்ளி, முன்பக்கம் சாய்ந்த கோடு இரண்டு, அடுத்து அந்த எண், பிறகு என்டர்.

இரண்டாவது தடை: கடவுச்சொல்லை ஏற்கவில்லை

பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. மகன் தினமும் லேப்டாப்பைத் திறக்கப் போடும் நான்கு இலக்க எண்ணைப் போட்டார். மறுத்தது. மீண்டும் போட்டார், மீண்டும் மறுத்தது. "மாமா, காலையிலகூட இதைத்தான் போட்டேன்" என்றார். அவர் சொன்னதும் உண்மை, கணினி மறுத்ததும் சரி. அந்த எண் 'பின்', கடவுச்சொல் அல்ல. 'பின்' அந்த ஒரு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து திறப்பதற்கு மட்டும் உரியது. வலையமைப்பு வழியாக வருகிறவரிடம் விண்டோஸ் கணக்கின் முழுக் கடவுச்சொல்லைத்தான் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்காக இருந்தால் மின்னஞ்சல் முகவரியும் அதன் கடவுச்சொல்லும் வேண்டும். அதைப் பலர் மறந்தே போயிருப்பார்கள்.

மறந்ததைத் தேடிக்கொண்டு இருப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பகிர்வுக்கென்றே அந்த லேப்டாப்பில் தனியாக ஒரு கணக்கைத் தொடங்குவது. செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்', அதில் 'அதர் யூசர்ஸ்', அதில் 'ஆட் அக்கவுண்ட்'. மின்னஞ்சல் கேட்கும்போது, இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்ற வரியையும், அடுத்து மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்ப்பதற்கான வரியையும் தேர்ந்தெடுத்தால் உள்ளூர்க் கணக்கு உருவாகும். பெயரை ஆங்கிலத்தில் சிறியதாக, இடைவெளி இல்லாமல் வையுங்கள். கடவுச்சொல் கட்டாயம் வேண்டும். கடவுச்சொல் இல்லாத கணக்கை விண்டோஸ் வலையமைப்பு வழியாக உள்ளே விடாது.

"கடவுச்சொல்லே இல்லாமல் எல்லாருக்கும் திறந்து வைக்க முடியாதா, நம் வீடுதானே?" என்று உம்மா கேட்டார்கள். முன்பு பலர் அப்படித்தான் செய்தார்கள். புதிய விண்டோஸ் பதிப்புகள் அதைப் பெரும்பாலும் மறுக்கின்றன. மறுப்பதே சரி என்பது என் கருத்து. சொந்தக்காரர் வீடாக இருந்தாலும் ஸலாம் சொல்லி, அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அனைவருக்கும் வைஃபை கடவுச்சொல்லைச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் கையிலுள்ள செல்போனும் நம் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்தக் கருவியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது.

மூன்றாவது தடை: பார்க்க முடிகிறது, வைக்க முடியவில்லை

லேப்டாப்பின் சி டிரைவில் 'குடும்பம்' என்று ஒரு புதிய கோப்புறை உண்டாக்கினோம். தமிழில் பெயர் வைப்பதில் எந்தத் தொல்லையும் இல்லை, இரண்டு இயங்குதளமும் யுனிகோடு அறிந்தவை. அதன்மேல் வலது கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'ஷேரிங்'. நான் அவசரத்தில் 'அட்வான்ஸ்டு ஷேரிங்' பொத்தானை அழுத்தி, பகிர்வதற்கான கட்டத்தில் டிக் போட்டு மூடிவிட்டேன். தங்கையின் கணினியில் கோப்புறை திறந்தது, சான்றிதழ்கள் தெரிந்தன. எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் நிரப்பிய விண்ணப்பத்தை அதில் சேமிக்கப் பார்த்தால் அனுமதி இல்லை என்றது.

அந்தப் பொத்தான் வழியாகப் போனால் எல்லாருக்கும் 'படிக்கும்' உரிமை மட்டும்தான் தானாக அமையும். அங்கேயே 'பெர்மிஷன்ஸ்' என்பதைத் திறந்து, 'எவ்ரிஒன்' என்றிருப்பதை நீக்கிவிட்டு, புதிய கணக்கைச் சேர்த்து 'சேஞ்ச்' உரிமை கொடுத்ததும் சரியாயிற்று. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. விண்டோஸில் ஒரு கோப்புறைக்கு இரண்டு கதவு. வலையமைப்பு வழியாக வருகிறவருக்கு வாசல் கேட் ஒன்று, அது 'ஷேரிங்' பக்கத்தில் இருப்பது. அறைக்கதவு ஒன்று, அது 'செக்யூரிட்டி' பக்கத்தில் இருப்பது. இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். 'டாக்குமென்ட்ஸ்' போன்ற சொந்தக் கோப்புறைக்குள் இருப்பதைப் பகிர்ந்தால் அறைக்கதவு மற்றவர்களுக்குப் பூட்டியிருக்கும். அதனால்தான் சி அல்லது டி டிரைவில் தனிக் கோப்புறை வைக்கச் சொல்கிறேன். இந்தக் குழப்பமே வேண்டாம் என்பவர்கள் 'அட்வான்ஸ்டு' என்பதை விட்டுவிட்டு, அதற்கு மேலே உள்ள சாதாரண 'ஷேர்' பொத்தானை அழுத்தி, கணக்கைச் சேர்த்து 'ரீட்/ரைட்' கொடுங்கள். அது இரண்டு கதவையும் சேர்த்தே சரிசெய்துவிடும். நானும் அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

எல்லாருக்கும் எல்லாம் எழுதும் உரிமை வேண்டியதில்லை. பத்திரம், பட்டா, பாஸ்போர்ட் நகல் போன்றவற்றுக்கு 'படிக்க மட்டும்' என்று ஒரு கோப்புறை, அன்றாட வேலைக்கு எழுதவும் கூடிய இன்னொன்று என்று பிரித்தால் போதும். எழுதும் உரிமை உள்ள இடத்தில் அழிக்கவும் முடியும். வலையமைப்பு வழியாக அழித்த கோப்பு விண்டோஸின் 'ரீசைக்கிள் பின்' குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை, போனது போனதுதான். இதை வீட்டில் சிறுவர்களுக்குக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

மறுதிசையில்

லினக்ஸ் கணினியிலுள்ள கோப்புறையை விண்டோஸிலிருந்து பார்ப்பதும் இதே போலத்தான். மின்ட்டில் கோப்புறைமேல் வலது கிளிக் செய்து 'ஷேரிங் ஆப்ஷன்ஸ்' திறக்க வேண்டும். சாம்பா இல்லையென்றால் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடி முதலில் நிறுவிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: லினக்ஸில் நுழையும் கடவுச்சொல் வேறு, சாம்பாவின் கடவுச்சொல் வேறு. சாம்பாவுக்கென்று டெர்மினலில் ஒரு கட்டளை கொடுத்துத் தனியாக அமைக்க வேண்டும். அந்தக் கட்டளையை இங்கே தமிழ் எழுத்தில் போட்டால் தட்டும்போது பிழை வரும் என்பதால், ஒரு பக்கத் தாளாக அச்சடித்து அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். விண்டோஸ் பக்கம் ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் பின்பக்கம் சாய்ந்த கோடு இரண்டு, அதன்பின் லினக்ஸ் கணினியின் எண். லினக்ஸில் ஃபயர்வாலை இயக்கி வைத்திருப்பவர்கள் அதில் சாம்பாவுக்கு அனுமதி கொடுக்க வேண்டும்.

மேக் வைத்திருப்பவர்கள் நம் மஹல்லாவில் சிலர்தான். ஃபைண்டரில் 'கோ' பட்டியலில் 'கனெக்ட் டு சர்வர்' என்றிருக்கும். லினக்ஸில் தட்டிய அதே முகவரியை அங்கே தட்டினால் போதும். ஐபோனில் 'ஃபைல்ஸ்' செயலிக்குள்ளேயே இந்த வசதி இருக்கிறது.

ஆண்ட்ராய்டு போனிலிருந்து கணினிக்குப் படங்களை அனுப்ப இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. லோக்கல்சென்ட் என்று ஓர் இலவசச் செயலி இருக்கிறது. போனிலும் கணினியிலும் நிறுவி, இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால், ஒன்று மற்றொன்றின் பெயரைக் காட்டும், தொட்டு அனுப்பலாம். விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றுக்கும் உண்டு. கோப்பு வீட்டை விட்டு வெளியே போவதில்லை. சான்றிதழைத் தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வதில் படத்தின் தரம் குறைந்து, உதவித்தொகை அலுவலகத்தில் 'எழுத்து தெரியவில்லை' என்று திருப்பி அனுப்பப்படும் தொல்லையும் இதில் இல்லை.

பிறகு வரும் சில தொல்லைகள்

ஒரு வாரம் ஓடிய இணைப்பு திடீரென்று கிடைக்காமல் போனால் பயப்பட வேண்டாம். ரவுட்டர் தரும் எண் மாறியிருக்கும். மீண்டும் எண்ணைப் பார்த்துத் தட்டினால் வந்துவிடும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அந்தக் கணினிக்கு நிலையான எண்ணை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். லேப்டாப்பின் மூடியை மூடி வைத்திருந்தாலும் கிடைக்காது, தூங்குகிறவரிடம் கேட்டால் பதில் வராது.

லினக்ஸில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக் குறி ஆகியவற்றைக் கோப்பின் பெயரில் வைக்கலாம். விண்டோஸில் முடியாது. அந்தக் கோப்பு அங்கே போக மறுக்கும், அல்லது விசித்திரமான பெயரோடு தெரியும். எழுத்து, எண், நடுவில் சிறு கோடு இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய தமிழ்க் கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வருகிறது, நெட்வொர்க் கெடுத்துவிட்டது என்று ஒரு பெரியவர் வந்தார். அது நெட்வொர்க்கின் குற்றமல்ல. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது அது, அந்த எழுத்துரு புதிய கணினியில் இல்லை. எழுத்துருவை நிறுவலாம், யுனிகோடுக்கு மாற்றியும் வைத்துக்கொள்ளலாம்.

யூடியூபில் தேடும் பிள்ளைகள் "எஸ்.எம்.பி. 1-ஐ ஆன் செய்தால் வேலை செய்யும்" என்று பழைய காணொளிகளில் பார்ப்பார்கள். செய்யவே கூடாது. 2017 மே மாதம் உலகமெங்கும் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சையையே நிறுத்தி வைத்த வான்னாகிரை என்ற வைரஸ் அந்தப் பழைய பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. அந்த ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதை மைக்ரோசாஃப்ட்டே தானாக நிறுவுவதை நிறுத்திவிட்டது. அதேபோல் வெளியூரிலிருந்தும் வீட்டுக் கோப்பைப் பார்க்கலாம் என்று ரவுட்டரில் 445 என்ற வழியைத் திறந்து விடச் சொல்லுவார்கள். சபுராளி வாப்பாக்களுக்கு ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது வாசலைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது. அதற்கு வேறு பாதுகாப்பான வழிகள் உண்டு, தேவைப்படுவோர் நேரில் கேளுங்கள்.

எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால் அந்த இடம் பழுதானால் எல்லாம் போகும் என்பதையும் யோசிக்க வேண்டும். 'குடும்பம்' கோப்புறையை மாதம் ஒருமுறை வெளிவட்டு ஒன்றில் நகலெடுத்து, கழற்றி, அலமாரியில் வைத்துவிடுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் வட்டு காப்பு நகல் ஆகாது. வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துத்தான் தொடும். அந்த வட்டை இரண்டு இயங்குதளத்திலும் படிக்க எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். பழைய ஃபேட்32 முறையில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரு கோப்பு, உதாரணமாக நிக்காஹ் வீடியோ, ஏறாது.

அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய இலவச மடிக்கணினிகள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. விண்டோஸோடு, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் சேர்ந்தே வந்தது. பேட்டரி போயிருந்தாலும் சார்ஜரோடு ஓடக்கூடியவற்றை லினக்ஸ் மின்ட் போட்டு, கூடத்தின் ஓரத்தில் வைத்து, குடும்பக் கோப்புறைக்கான அலமாரியாக ஆக்கலாம். மகன் லேப்டாப்போடு வெளியூர் போனாலும் சான்றிதழ் வீட்டில் இருக்கும். அந்தக் குடும்பத்துக்கும் அடுத்து அதைத்தான் செய்ய நினைத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். அந்தப் பிள்ளையின் விண்ணப்பம் கடைசி நாளுக்கு முந்தைய நாளே அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது.

சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு மஃரிப் வரை அறக்கட்டளை அலுவலகத்தில் இதை நேரில் செய்து காட்டுகிறோம். பெண்களுக்கு, கணினி படித்த நம் சகோதரிகள் இருவர் தனி அறையில் சொல்லித் தருவார்கள். நம்மிடம் கணினி பெற்ற பிள்ளைகள் அதை மட்டும் தூக்கிக்கொண்டு வராமல், வீட்டிலுள்ள விண்டோஸ் லேப்டாப்பையும் சார்ஜரோடு கொண்டு வரவும். லேப்டாப்பின் 'பின்' எண்ணையும், மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல் நினைவிருந்தால் அதையும், லேப்டாப்புக்கு உரியவரே உடன் வந்து தட்டட்டும். எங்களிடம் சொல்ல வேண்டாம், தாளில் எழுதியும் தர வேண்டாம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்